இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் எட்டு

மணிப்பூரின் கிழக்கு ஓரத்தில் மோரே என்று ஓர் ஊர். ஊர் முடிகிற இடத்தில் ஒரு கேட். அது திறந்திருந்த காலத்தில், காலை ஏழு மணிக்கு அதைத் தாண்டி நாலடி வைத்தால் மணி எட்டாகிவிடும். பர்மாக் கடிகாரம் நம்முடையதைவிடச் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அந்தப் பக்கம் சந்தைக்குப் போன நம்மவர், கடைச் சுவர்க் கடிகாரம் ஐந்தை நெருங்குவதைப் பார்த்தால் பேரத்தை நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தது என் நண்பரின் மகளால். கல்லூரியில் படிக்கிறாள். "மணிப்பூர்ல அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்காமே மாமா, இட்லி தோசைகூடக் கிடைக்குமாமே? நம்ம ஆளுங்க அவ்வளவு தூரம் எப்படிப் போனாங்க?" என்று கேட்டாள். டீ போடச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஒரு டம்ளரில் முடியவில்லை. அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன், அவள் நடுவில் கேட்ட கேள்விகளோடு சேர்த்து.

முதலில் இடம் புரிய வேண்டும். இந்தியாவையும் பர்மாவையும் வடக்கு தெற்காக ஓடும் மலைவரிசைகள் பிரிக்கின்றன. எல்லையின் மொத்த நீளம் 1643 கிலோமீட்டர். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் என்று நாலு மாநிலங்களைத் தொட்டுப் போகிறது. மணிப்பூரின் பங்கு 398. இத்தனை நீளத்தில் சாமான் சட்டியோடு ஒரு கூட்டம் கடக்கத் தோதான வழிகள் சிலதான். அவற்றில் ஒன்று இம்பாலிலிருந்து தென்கிழக்கே போவது. பாலேல் வரை வயல்வெளி. அங்கிருந்து மலை ஏறி, தெங்நௌபால் உச்சியைத் தொட்டு, வளைந்து வளைந்து இறங்கினால் சுமார் 110 கிலோமீட்டரில் மோரே. அதற்குக் கிழக்கே கபாவ் பள்ளத்தாக்கு விரிகிறது. ஐந்து கிலோமீட்டரில் தமு என்ற பர்மிய ஊர். அதைத் தாண்டினால் சிந்த்வின் ஆறு. ஆறு கிடைத்துவிட்டால் பர்மாவின் நெஞ்சுக்கே படகில் போய்விடலாம். வியாபாரி, படைவீரன், அகதி எல்லோரும் இந்த வழியைத் தேடி வந்ததற்கு இதுதான் காரணம்.

"அப்ப அந்த எல்லைக் கோட்டை யாரு போட்டா?"

கோடு வந்தது அந்தப் பள்ளத்தாக்குக்கான சண்டையில். 1819 முதல் 1826 வரை பர்மிய அரசின் படை மணிப்பூரைப் பிடித்து வைத்திருந்தது. ஊர்கள் காலியாயின, பல்லாயிரம் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மணிப்பூர் மக்கள் அந்தக் காலத்தை ஏழாண்டுப் பேரழிவு என்றே இன்றும் சொல்கிறார்கள். பிறகு ஆங்கிலேயர் பர்மாவோடு போரிட்டு வென்று, 1826 பிப்ரவரி 24 அன்று யாண்டபோ என்ற இடத்தில் உடன்படிக்கை எழுதினார்கள். மணிப்பூருக்குக் கம்பீர் சிங் அரசரானார். கபாவ் பள்ளத்தாக்கு யாருக்கு என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. பர்மிய அரசர் அதை விடவில்லை. மணிப்பூர் அரசரும் விடவில்லை. எட்டு வருஷம் இழுத்துக் கடைசியில் 1834-இல் ஆங்கிலேயர் பள்ளத்தாக்கை பர்மாவிடம் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மணிப்பூர் அரசருக்கு மாதம் 500 சிக்கா ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். வயலை எடுத்துக்கொண்டு மாதப்படி கொடுத்த ஏற்பாடு. கபாவ் எங்களுடையது என்ற மனக்குறை மணிப்பூரில் இன்னும் ஆறவில்லை. ஆற நியாயமும் இல்லை என்பேன், அந்த முடிவில் அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பள்ளத்தாக்கு பர்மாவுக்கு, மலை மணிப்பூருக்கு என்று ஆனதும் மலையடிவாரத்தை ஒட்டி ஓர் எல்லை வரைந்தார்கள். பெம்பர்ட்டன் என்ற அதிகாரி வரைந்ததால் பெம்பர்ட்டன் கோடு. காகிதத்தில் இருந்த கோட்டை மண்ணில் காட்டுவது வேறு வேலை. அடிவாரம் என்பது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள். ஆகவே 1881-இல் ஜான்ஸ்டன் வந்து திருத்தினார், 1896-இல் மேக்ஸ்வெல் வந்து திருத்தினார். தூண்கள் நட்டார்கள். அந்தத் தூண் தகராறு இன்றும் ஓயவில்லை. 2018-இல் மோரேவுக்குப் பக்கத்தில் 81-ஆம் தூண் நமது பக்கமாகத் தள்ளி நடப்பட்டுவிட்டது என்று மணிப்பூரில் பெரிய போராட்டமே நடந்தது; வெளியுறவு அமைச்சகம் மறுப்புச் சொல்ல வேண்டி வந்தது.

கோடு போட்டவர்கள் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். மலையில் குக்கிகளும் நாகர்களும் இருந்தார்கள். அவர்களுடைய உறவுக் கிராமங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இருந்தன. சிலருக்கு வீடு இந்தப் பக்கம், புன்செய் அந்தப் பக்கம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் கோட்டைப் பார்த்து அல்ல. பின்னால் வந்த எல்லா விதிகளும் இந்த ஒரு உண்மையோடு மல்லுக்கட்டியவைதான்.

ஆனால் கோடு இருந்ததே தவிர கேட் இல்லை. 1886 ஜனவரியில் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே ஆட்சி. 1891-இல் மணிப்பூர் அரசோடு ஆங்கிலேயர் போருக்கு வந்தபோது அவர்களின் மூன்று படைகளில் ஒன்று தமுவிலிருந்துதான் புறப்பட்டது. இதே பாதையில் ஏறி வந்த அந்தப் படையைத்தான் மணிப்பூர் வீரர்கள் கோங்ஜோமில் எதிர்த்து நின்றார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 23 அன்றும் மணிப்பூர் அவர்களை நினைத்துக் கும்பிடுகிறது.

"அப்ப பர்மாவுக்குப் போக பாஸ்போர்ட் வேணாமா?"

வேண்டாம்மா. இதைத்தான் நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து ரங்கூன் போனது ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போனதுதான். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுக்கப் போனார்கள். அறுவடைக்கும் துறைமுகத்துக்கும் அரிசி ஆலைக்கும் கூலியாகப் போனவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன்வாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர். பர்மியருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். சொந்த ஊரில் வேலையும் நிலமும் வெளியாள் கைக்குப் போனதைப் பார்த்த கோபம் 1930-இலும் 1938-இலும் கலவரமாக வெடித்தது. பொருளாதார மந்தத்தில் விலை விழுந்ததும், அடகு வைத்த பர்மிய உழவர்களின் வயல்கள் ஏராளமாகச் செட்டியார் வசம் வந்து சேர்ந்திருந்தன. அந்தக் கணக்கு பின்னால் நம்மைத் தேடி வந்தது.

இவர்கள் எல்லோரும் கப்பலில் போய்க் கப்பலில் வந்தவர்கள். மோரே என்ற பெயரே அவர்கள் காதில் விழுந்திருக்காது. கடல்வழி ஜனங்களை மலைவழிக்குத் தள்ளியது 1942.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. துறைமுகக் கூலிகள், பெரும்பாலும் தெலுங்கரும் தமிழரும், முதலில் செத்தவர்களில் இருந்தார்கள். காசும் செல்வாக்கும் இருந்தவர்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்ததும் கடல் மூடிவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் வடக்கே மண்டலேக்கு ஓடினார்கள். அங்கிருந்து சிந்த்வின் ஆறு. ஆற்றைக் கடந்து காட்டுவழியாகத் தமு. தமுவிலிருந்து மலையேறிப் பாலேல், இம்பால். அதற்கும் அப்பால் திமாப்பூர் ரயில் நிலையம். நடந்தார்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, வயதானவரைக் கைப்பிடித்துக்கொண்டு, எடுத்து வந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வழியில் போட்டுவிட்டு.

பர்மாவை விட்டு அந்த வருஷம் எல்லா வழிகளிலும் வந்து சேர்ந்த இந்தியர் நாலு லட்சத்துக்கு மேல். அரக்கான் கணவாய் வழியாகவும், வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாகவும் வந்தவர்கள் இதில் உண்டு. காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் வழி நெடுக ஆளைத் தின்றன. மே மாதம் 10-ஆம் தேதி இம்பால்மேலேயே குண்டு விழுந்தது. அகதி முகாம்களில் இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். அடுத்து மழை பிடித்துக்கொண்டது. பாதை சேறானது. செத்தவர்களைப் புதைக்கக்கூட ஆள் இல்லாத இடங்கள் இருந்தன. ஐரோப்பியருக்கு நல்ல வழி, இந்தியருக்குக் கடுவழி என்று அதிகாரிகள் பிரித்து அனுப்பினார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்து, காங்கிரஸ் தலைவர்கள் அதைக் கண்டித்தார்கள்.

இங்கே என் நண்பரின் மகள் டம்ளரை வைத்துவிட்டாள். அவளிடம் சொன்னேன்: இந்த டீக்கும் அந்தப் பாதைக்கும் ஒரு சொந்தம் உண்டு. அந்த வழியில் ரோடு போடவும் முகாம் நடத்தவும் ஆள் அனுப்பியது அசாமின் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத் தொழிலாளிகள், கொழுந்து கிள்ளவும் கவாத்து வெட்டவும் பழகியவர்கள், மண்வெட்டியோடு மலைக்கு வந்தார்கள். அவர்கள் வெட்டிய ரோட்டில்தான் அகதிகள் ஏறினார்கள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையும் ஏறியது. மலையில் நின்று கஞ்சியும் டீயும் ஊற்றிக் கொடுத்த அந்தக் கைகளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சொந்தம் கொண்டாட வேண்டியவர்களை நாம் அப்படித்தான் விட்டுவிடுகிறோம்.

1944-இல் அதே பாதையில் ஜப்பானியர் மேற்கே வந்தார்கள். மோரேவில் இருந்த ராணுவக் கிடங்கைக் கொளுத்திவிட்டு பிரிட்டிஷ் இந்தியப் படை மலைக்கு ஏறி, ஷெனாம் கணவாயில் நின்று மாதக்கணக்கில் போரிட்டது. பாலேல் பக்கம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் மோதியது. அந்தப் படையில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் நிறைய. போரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கேட்டுக்குத் திரும்ப முடியாது, இதோடு விடுகிறேன்.

போர் முடிந்ததும் தப்பி வந்தவர்களில் பலர் ரங்கூன் திரும்பினார்கள். கடையும் கணக்கும் வீடும் அங்கேதானே. ஆனால் 1947-இல் பர்மா குடிநுழைவுச் சட்டம் போட்டது. இனி அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. 1948 ஜனவரி 4 அன்று பர்மா சுதந்திர நாடு. நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டமும் அதே வருஷம். நூறு வருஷமாக மாகாண எல்லையாகவோ வெறும் தூண் வரிசையாகவோ இருந்த கோடு இரண்டு சுதந்திர நாடுகளுக்கு நடுவில் நின்றது. மணிப்பூரும் 1949 அக்டோபர் 15 அன்று இந்தியாவோடு இணைந்தது.

மலைமக்களை என்ன செய்வது? இரண்டு அரசுகளும் யோசித்துத்தான் ஒரு வழி கண்டன. 1950-இல் இந்தியா தன் பாஸ்போர்ட் விதிகளைத் திருத்தி, எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் மலைச் சமூகத்தார் பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்துபோகலாம் என்றது. பின்னால் அதற்கு அனுமதிச் சீட்டு வந்தது. 1967 மார்ச் 10 அன்று இரண்டு நாடுகளும் எல்லை ஒப்பந்தம் எழுதின. 2004-இல் 40 கிலோமீட்டர் 16 ஆனது. கடக்கும் இடங்களும் அருணாசலத்தில் பாங்சாவ், மணிப்பூரில் மோரே, மிசோரமில் சோகாதார் என்று மூன்றாகச் சுருங்கின. தடையில்லா நடமாட்ட விதி என்று செய்திகளில் படிக்கிறோமே, அது இதுதான். இதில் சலுகை யாருக்கு என்று கவனியுங்கள். மலைமக்களுக்கு உண்டு. சென்னையிலிருந்து ரங்கூன் போன தமிழனுக்கு இதில் இடம் இல்லை.

"சரி மாமா, கோயில் கட்டினவங்க எங்க?"

வந்துவிட்டோம். 1962 மார்ச் 2 அன்று பர்மாவில் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963, 64-இல் வங்கி, ஆலை, மொத்த வியாபாரம் தொடங்கிச் சில்லறைக் கடை வரை அரசு எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வட்டிக்கடை வைத்திருந்தவரும் இட்லிக்கடை வைத்திருந்தவரும் ஒரே நாளில் வெறுங்கை ஆனார்கள். இந்தியாவிலிருந்து கப்பல் அனுப்பி அழைத்து வந்தோம். சுமார் மூன்று லட்சம் பேர் அந்தப் பத்தாண்டில் பர்மாவை விட்டு வந்தார்கள். கொஞ்சம் காசுக்கு மேல் எடுத்துவர விடவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே பிழைப்புக்காகப் போட்டுக் கொடுத்த கடைவரிசைதான் பர்மா பஜார். ஊருக்கு ஊர் பர்மா காலனி என்றும் பர்மா நகர் என்றும் கேள்விப்படுகிறோமே, அவையும் அந்தக் குடும்பங்களுடையவைதான்.

தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கக் காகிதம் அவர்களைச் சொன்னது. அவர்களில் பலருக்குத் தாயகத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். சிலருக்கு மனைவி பர்மியப் பெண், சிலருக்கு அண்ணன் தம்பி அங்கேயே தங்கிவிட்டார்கள். முகாமில் கொடுத்த படியில் வயிறு நிறையவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கப்பலில் போக விசா கிடையாது. 1942-இல் அப்பா நடந்து வந்த பாதை ஒன்று இருக்கிறதே! ரயில் ஏறி அசாம் போய், இம்பால் போய், மலை இறங்கி மோரே சேர்ந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் பர்மியக் காவல் பிடித்துத் திருப்பி அனுப்பியது. மோரேத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது.

மறுபடி தமிழ்நாட்டுக்கு வரக் கையில் காசும் இல்லை, வந்து செய்ய வேலையும் இல்லை. அந்தப் பக்கத்தில் பேசுகிற பர்மிய மொழி இவர்களுக்குத் தாய்மொழி மாதிரி. இந்தப் பக்கத்தில் சில குக்கிக் குடிகள் மட்டும் இருந்த சிற்றூர். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவனுக்கு எல்லையில் வேலை உண்டு. அப்படியே உட்கார்ந்தார்கள். குடிசை போட்டார்கள், கடை வைத்தார்கள். சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதி வரவழைத்தார்கள். ஒரு காலத்தில் மோரேவின் பெரிய சமூகங்களில் தமிழரும் ஒன்று. குக்கி, மெய்தெய், நாகா, பங்கால் முஸ்லிம், நேபாளி, பீகாரி, பஞ்சாபி, மார்வாரி என்று 2011 கணக்கில் சுமார் 17 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கேட்டுக்குக் கிட்டத்தில் அங்காளபரமேஸ்வரியும் முனீஸ்வரரும் இருக்கிறார்கள். நம் கிராமங்களில் முனீஸ்வரர் ஊர் எல்லையில் நின்று காப்பவர். மோரேவில் அவருக்கு வாய்த்தது நாட்டின் எல்லை. பங்குனியில் திருவிழா நடந்தால் பர்மாப் பக்கத்துத் தமிழர்களும் கேட்டைத் தாண்டி வந்து கும்பிட்டுப் போவார்கள்.

ஊரின் பிழைப்பு கேட்டை நம்பித்தான். அது எப்படி ஓடியது என்று சொல்கிறேன். கேட் இரண்டு. முதலாவது, பாலத்தோடு இருப்பது, லாரிக்கும் காகிதத்தோடு போகிற வியாபாரத்துக்கும். இரண்டாவது கேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் நம்பாலாங் சந்தை. மோரேவாசிகள் தினமும் நடந்து போய்ச் சீனக் கம்பளி, செருப்பு, குடை, தட்டுமுட்டுச் சாமான் வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். அங்கிருந்து வருகிறவர்கள் நம் மருந்து, மைதா, நூல், சைக்கிள் பாகம் வாங்கிப் போவார்கள். பாக்குதான் எப்போதும் பெரிய சரக்கு, கள்ளச்சரக்காகவும் கூட. பாலத்தில் வண்டி ஓட்டுகிறவர் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பர்மா 1970 டிசம்பர் 6 அன்று சாலையில் வலப்பக்கம் மாறிவிட்டது. நாம் இன்னும் இடப்பக்கம்.

இந்த நடைச் சந்தையை அரசுகள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1994 ஜனவரி 21 அன்று. எல்லை வியாபார ஒப்பந்தம் கையெழுத்தானது. 1995 ஏப்ரல் 12 முதல் மோரேவில் அமலானது. அந்தந்த நாட்டில் விளைந்த 22 பொருள்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 22 பின்னர் 40 ஆகி 62 ஆனது. 2015 டிசம்பரில் பண்டமாற்றையே நிறுத்தி வழக்கமான ஏற்றுமதி இறக்குமதி முறைக்கு மாற்றினார்கள். என் கருத்து, அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் மோரேச் சந்தையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். சந்தையில் கைமாறிய கம்பளியும் மின்சாதனமும் பெரும்பாலும் மூன்றாம் நாடான சீனாவின் சரக்கு. பட்டியலில் இருந்தது அவரையும் பயறும். அதனால் நிஜ வியாபாரம் இரண்டாவது கேட்டிலேயே நடந்தது, கணக்கு முதலாவது கேட்டில் எழுதப்பட்டது.

பெரிய கனவுகளும் இருந்தன. தமுவிலிருந்து கலேவா, கலேம்யோ வரை சுமார் 160 கிலோமீட்டர் சாலையை நம் எல்லைச் சாலை அமைப்பு போட்டுக் கொடுத்தது, 2001-இல் திறந்தார்கள். மோரேவில் தொடங்கித் தாய்லாந்தின் மே சோட் வரை போகும் முந்நாட்டு நெடுஞ்சாலைத் திட்டம் இருபது வருஷத்துக்கு மேலாகப் பேச்சிலும் வேலையிலும் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் மோரேவும் சோகாதாரும் பாஸ்போர்ட், விசாவோடு யாரும் கடக்கக்கூடிய பன்னாட்டு வாயில்கள் ஆயின. மலைமக்களுக்கும் புதிய பாஸ்: ஒரு வருஷம் செல்லும், ஒரு தடவை போனால் இரண்டு வாரம் தங்கலாம் என்று இருந்தது. 2019 ஜனவரியில் ஒருங்கிணைந்த செக்போஸ்ட் திறந்தார்கள். மோரேக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த காலம் அது.

14 மாதம்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கேட்டை மூடினார்கள். திறக்கும் முன்பே 2021 பிப்ரவரி 1 அன்று பர்மாவில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. தமுப் பக்கம் துப்பாக்கிச் சண்டை. அங்கிருந்து ஜனங்கள் உயிர் தப்பி இந்தப் பக்கம் வந்தார்கள். 2022 ஜூலையில் மோரேவிலிருந்து தமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே 3 அன்று மணிப்பூரில் மெய்தெய், குக்கி சமூகங்களுக்கு இடையே வன்முறை வெடித்தது. மோரேவிலிருந்த மெய்தெய் குடும்பங்கள் ஊரை விட்டு ஓடின. ஆளில்லாத வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். எந்தப் பக்கமும் சேராத தமிழர்களின் வீடுகள் சிலவும் எரிந்தன. பர்மாவில் வெளியாள் என்று துரத்தப்பட்டுப் பிழைக்க வந்த இடத்தில் மறுபடி சாம்பல்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு இரண்டு முடிவுகளை அறிவித்தது. 1643 கிலோமீட்டருக்கும் வேலி. தடையில்லா நடமாட்டம் ரத்து. ஆயுதமும் போதைப்பொருளும் வருகின்றன, ஆட்கள் கணக்கில்லாமல் வருகிறார்கள் என்பது அரசு சொல்லும் காரணம். மணிப்பூர் அரசும் மெய்தெய் அமைப்புகளும் வேலியைக் கேட்டவை. மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. அங்கே இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் இருப்பது மாமன் மச்சான். பிறகு 2024 டிசம்பரில் ஒரு நடுவழி வந்தது: எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் அசாம் ரைபிள்ஸிடம் பாஸ் வாங்கி, குறித்த இடங்கள் வழியாகப் போய்வரலாம். 40 என்றிருந்தது 16 ஆகி, இப்போது 10.

"நீங்க என்ன நினைக்கிறீங்க மாமா? வேலி வேணுமா வேணாமா?"

இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை என்றாலும் நான் நினைப்பதைச் சொன்னேன். போதைப்பொருள் வருவது பொய் இல்லை. துப்பாக்கி வருவதும் பொய் இல்லை. அவற்றைத் தடுப்பது அரசின் கடமை. ஆனால் அவை பெரும்பாலும் கேட்டில் வரிசையில் நின்று பாஸ் காட்டி வருவதில்லை. காட்டு வழியில் வருகின்றன. கேட்டை மூடும்போது நிற்பது தலைச்சுமைக்காரியும், மகள் வீட்டுக்குப் போகிற கிழவரும், திருவிழாவுக்கு வருகிற பக்தரும்தான். இருநூறு வருஷக் கதையில் இந்த இடம் மூடிய ஒவ்வொரு தடவையும் யாரோ சில ஆயிரம் பேர் தவறான பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். மோரேத் தமிழர்கள் அப்படி மாட்டியவர்கள். எனவே பாஸ் முறை இருக்கட்டும், நன்றாகச் சோதிக்கட்டும், கேட் திறந்திருக்கட்டும். இதுதான் என் பக்கம்.

இரண்டாவது டீயும் ஆறிவிட்டிருந்தது. கிளம்பும்போது அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன், உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் ஊரில் பர்மா காலனி இருக்கலாம். பர்மா பஜார்ப் பக்கம் அத்தோ சாப்பிடப் போயிருப்பீர்கள். அங்கே பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வழியாக வந்தீர்கள், கப்பலா, நடையா, கூட வந்தவர்கள் யார், வழியில் விட்டது யாரை என்று கேட்டு எழுதி வையுங்கள். 1942-இல் அப்பா தோளில் உட்கார்ந்து தமுவைக் கடந்த குழந்தைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.